பேரணாம்பட்டு பஸ்ஸும் மனித மூலதனமும்

போன மாதம் கார்த்திகேயன் போன் செய்தார். வேலூர் திறன் பயிற்சி அலுவலகத்தில் நான் எழுந்து வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர். குரலில் பாதி உயிர்தான் இருந்தது.

"மேடம், மறுபடியும் தேசிய அளவுல மனித மூலதனத் திட்டம் போடுறாங்க. நம்ம பக்கம் தோல் தொழிலுக்கு எவ்ளோ ஆள் வேணும்னு கேட்டிருக்காங்க. ஆம்பூர்ல ஒரு கம்பெனி விடாம ஏறி எறங்கிட்டேன். யாருக்குமே ஆள் வேணாமாம்."

நான் சிரித்த சிரிப்பில், உள்ளே டியூஷன் பிள்ளைகளின் கணக்குத் தாளைத் திருத்திக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"நம்பிட்டியாப்பா?" என்றேன்.

"எழுதிக் குடுத்திருக்காங்க மேடம். சீல் வச்சு."

சீல் வேறு வைத்திருக்கிறார்களாம். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை இது. "எழுதி அனுப்புறேன், உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் படிக்கக் குடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். நானும் ஒரு காலத்தில் இதே பதிலை எழுதிக்கொண்டு டெல்லி வரைக்கும் போனவள்தான். அதை அச்சுக்குப் போகவிடாமல் ஒரு மனிதர் தடுத்தார். அதன் பிறகு நடந்ததைச் சொன்னால் கார்த்திகேயனுக்கு உதவும்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலூரில் எங்கள் வீட்டில் அம்மாவும் இரண்டு அக்காக்களும் நர்ஸ். நான் மட்டும் காலணி தயாரிப்பில் டிப்ளமோ படித்தேன். ஊசி போடுகிற வீட்டில் ஊசி கோக்க ஒருத்தி பிறந்திருக்கிறாள் என்று சர்ச்சில் கேலி செய்வார்கள். ஷூவின் மேல்பாகத்தை, கம்பெனிக்காரர்கள் அப்பர் என்று சொல்வதை, மெஷினில் தைக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநராக ராணிப்பேட்டையில் சேர்ந்தேன். பிறகு பயிற்சி அதிகாரி, பிறகு மண்டலத்தின் எல்லாப் பயிற்சி மையங்களுக்கும் பொறுப்பு. பதவி உயர உயர மெஷின் குறைந்து காகிதம் கூடியது. அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. காகித வேலையையும் நன்றாகச் செய்கிறவள் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு, இன்றும் உண்டு.

அப்படி இருந்தபோதுதான் டெல்லியில் ஒரு குழு அமைத்தார்கள். இந்த நாட்டு இளைஞர்களுக்கு என்ன கற்றுக்கொடுப்பது, எங்கே, எந்த வேலைக்கு என்று நாடு முழுமைக்கும் ஒரு திட்டம். தோலும் காலணியும் சேர்ந்த பகுதியை எழுதுகிற சிறு குழுவில் என்னையும் போட்டார்கள். மனித மூலதனம் என்ற சொல்லை அங்கேதான் முதலில் கேட்டேன். மனுஷனைப் போய் மூலதனம் என்கிறார்களே என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. வீட்டில் சொன்னபோது என் கணவர், "அதுல இன்னா தப்பு? முதல்ல யாராவது எதையாவது போடணும்னு ஒத்துக்கறாங்க இல்ல?" என்றார். கணக்கு வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எரிச்சலை விட்டுவிட்டேன்.

குழுவின் தலைவர் ராகவன் சார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், டெல்லியிலேயே நரைத்தவர். உயரமான, ஒல்லியான ஆள். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. அதட்டியிருந்தால் தேவலை என்று எங்களுக்குத் தோன்றும். நாம் எழுதிய பக்கத்தை நம் முன்னாலேயே நின்றுகொண்டு வாய்விட்டுப் படிப்பார். நாம் எழுதியதைப் பிறர் வாயால் கேட்பதைப் போல ஒரு தண்டனை உலகத்தில் கிடையாது. எங்கே ஒரு கணக்கோ முடிவோ வருகிறதோ அங்கே நிறுத்தி, பென்சிலால் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போடுவார். பிறகு இரண்டே கேள்வி.

"யாரைக் கேட்டீங்க? எங்கே வச்சுக் கேட்டீங்க?"

பதில் பிடித்தால் வட்டத்தின் மேல் ஒரு கோடு இழுப்பார். பிடிக்காவிட்டால் வட்டம் அப்படியே நிற்கும். வட்டத்தோடு எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகாது. உணவு இடைவேளையில் எங்களுக்குள் பேச்சே, உனக்கு எத்தனை வட்டம் நிற்கிறது என்பதுதான். முதல் கேள்வி எல்லோருக்கும் புரிந்தது. எங்கே வைத்துக் கேட்டீர்கள் என்பது ஏன் என்று எங்களில் யாருக்கும் புரியவில்லை. கிழவருக்கு ஏதோ பழக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

வேலை முறை இதுதான். முதலில் தேவை: அடுத்த சில ஆண்டுகளில் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பிரிவில், எவ்வளவு ஆள் வேண்டும். பிறகு வரவு: பயிற்சி மையங்களிலிருந்து எத்தனை பேர் வெளியே வருகிறார்கள், அதில் எத்தனை பேர் வேலையில் தங்குகிறார்கள். இரண்டுக்கும் இடையில் இருக்கும் பள்ளத்தைப் பார்த்து ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு முடிவு. விரிவாக்கு, அப்படியே நடத்து, அல்லது மூடு. கேட்க எளிமையாக இருக்கிறது. தேவைக் கணக்கு தவறினால் மற்ற எல்லாமே தவறிவிடும்.

ஆம்பூர் கணக்கு என் பொறுப்பு. வாணியம்பாடியிலிருந்து மேல்விஷாரம் வரை எனக்குத் தெரியாத கம்பெனி வாசல் கிடையாது. படிவம் நிரப்ப டெல்லிக் குழு அமர்த்தியிருந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். ஏசி அறை, பிஸ்கட், டீ, மரியாதைக்குக் குறைவில்லை. யாகூப் பாய் என்ற முதலாளியிடம் நடந்ததை மட்டும் சொல்கிறேன், மற்ற இடங்களிலும் அதேதான். ஆம்பூரை அடுத்த துத்திப்பட்டில் பெரிய ஷூ கம்பெனி அவருடையது. என்னிடம் பயிற்சி பெற்ற பெண்கள் அவரிடம் நிறையப் பேர் இருந்தார்கள்.

"ஆளா? வேணாம் மேடம். இருக்குறதே ஜாஸ்தி. ஆர்டர் எல்லாம் கம்மி. பேஜாரா போய்னு இருக்குது," என்றார்.

"ஸ்டிச்சிங் லைன்லகூட வேணாமா பாய்?"

"இல்ல மேடம். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டோம். வெளியே வந்தால் கேட் பக்கத்துச் சுவரில், தையல் மெஷின் ஓட்ட ஆட்கள் தேவை என்று போர்டு தொங்கியது. ஒரு பையன் அதைக் காட்டினான். அந்த போர்டு பல வருஷமாகத் தொங்குகிறது, கழற்ற ஆளில்லை என்று நானே சமாதானம் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்துப் பழக்கம் தெரிந்தவள் நான். ஆனாலும் அத்தனை கம்பெனியும் ஒரே குரலில் சொன்னபோது உண்மையாகவே தொழில் சுருங்குகிறதோ என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

அந்தக் கணக்கை வைத்து வரைவு தயாரானது. தேவை கம்மி என்றால் மையங்கள் எதற்கு? மூடு என்ற வரிசையில் முதலில் வந்தது, ஆந்திர எல்லை மலையடிவாரத்து ஊரான பேரணாம்பட்டு. அதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. ஆய்வுக்குப் போன அதிகாரி, பயிற்றுநர் பலமுறை பணியிடத்தில் இல்லை என்று குறிப்பு எழுதியிருந்தார். மையம் மூடினால் அந்தப் பயிற்றுநரை ஒழுங்கு நடவடிக்கையோடு மாற்றுவார்கள். அவர் பெயர் ஷாஹிதா.

ராகவன் சார் என் பக்கத்தைப் படித்தார். ஆம்பூர்த் தேவை என்ற இடத்தில் நிறுத்தினார். வட்டம்.

"யாரைக் கேட்டீங்க எஸ்தர்?"

"முதலாளிகளை சார். நேர்லயே."

"எங்கே வச்சு?"

"அவங்க ஆபீஸ்ல."

"நீங்க என்ன எடுத்துட்டுப் போனீங்க?"

"படிவம் சார்."

"அவர் ரூமுக்குப் படிவத்தோட வர்றவங்க வேற யாரெல்லாம்?"

அவ்வளவுதான். பக்கத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவர் பக்கத்தை எடுத்துக்கொண்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. படிவத்தோடு வருகிறவர்கள் யார்? கழிவுநீர் பார்க்க வருகிறவர், பி.எஃப். பார்க்க வருகிறவர், வரிக்காரர். அப்பன் காலத்திலிருந்து தோல்பட்டறைக்காரன் கற்றுக்கொண்ட பாடம், காகிதத்தோடு வந்தவனிடம் எதைக் கேட்டாலும் கம்மி என்று சொல்வது. தோல் எவ்வளவு? கம்மி. தண்ணீர் எவ்வளவு? கம்மி. ஆள் தேவை? அதுவும் கம்மி. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவர்களுக்கு இருக்காது. சலாம் சொல்வது மாதிரி தானாக வரும். நான் ஷூ தைக்கக் கற்றுக்கொடுத்த எஸ்தராகப் போகாமல் படிவமாகப் போயிருக்கிறேன்.

சரி, யாரைக் கேட்பது? திரும்பி வந்து இரண்டு நாள் அதே யோசனை. ஆம்பூரில் நெடுஞ்சாலையோரம் காலையில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தபோது கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போயின. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அது புதிதல்ல. ஒவ்வொரு ஷூ கம்பெனியும் கிராமம் கிராமமாகப் பஸ் அனுப்பிப் பெண்களை ஏற்றி வந்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடும். அன்று யாகூப் பாயின் பஸ் ஒன்றின் முன்கண்ணாடியில் வி.கோட்டா என்று எழுதியிருந்தது. ஆந்திராவில் இருக்கிறது வி.கோட்டா. மலைச்சாலை ஏறி இறங்க வேண்டும். முன்பெல்லாம் அவர் பஸ் பேரணாம்பட்டைத் தாண்டி எனக்குத் தெரிந்து போனதில்லை.

ஆள் ஜாஸ்தி இருக்கிறவர் மலை தாண்டி எதற்கு டீசல் செலவழித்துப் பஸ் அனுப்புகிறார்?

அந்த வாரம் முழுக்க நான் எந்த முதலாளி அறைக்கும் போகவில்லை. பஸ் டிரைவர்களோடு டீ குடித்தேன். படிவம் இல்லை, பை இல்லை. "அண்ணே, இப்ப எது வரைக்கும் போறீங்க, முன்னாடி எது வரைக்கும் போனீங்க?" என்று ஒரே கேள்வி. டிரைவர்களுக்கு அதை மறைக்க ஒரு காரணமும் இல்லை. தூரம் கூடியதில் அவர்களுக்கு இருந்த கோபம்வேறு எனக்கு உதவியது.

"முன்னலாம் மாதனூரோட திரும்பிடுவேன் மேடம். இப்ப மலையடிவாரம் வரைக்கும் போய் காத்துனு கெடக்கறேன். ரெண்டு பேர் ஏறுவாங்க. அந்த ரெண்டு பேருக்காக அவ்ளோ தூரம்," என்றார் ஒருவர்.

ஒரு பெரிய தாளில் ஆம்பூரை நடுவில் வைத்துப் பழைய தடங்களை நீலத்திலும் புதிய தடங்களைச் சிவப்பிலும் வரைந்தேன். எந்தத் திசையில் பார்த்தாலும் சிவப்பு நீலத்தைத் தாண்டி ஓடியது. இதற்குமேல் ஆள் பஞ்சத்துக்கு என்ன சாட்சி வேண்டும்?

அந்தத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு யாகூப் பாயிடம் போனேன். மேஜையில் விரித்தேன். அவர் தன் பஸ்ஸின் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எங்கள கேட்டா நாங்க அப்டிதான் மேடம் சொல்லுவோம். நீங்க எப்பலேர்ந்து எங்ககிட்ட ஆபீசர் மாதிரி வர்றீங்க?"

"நீங்க சொன்னத வச்சு பேரணாம்பட்டு சென்டரை மூடப் போறாங்க பாய்."

சிரிப்பு நின்றது. "பேரணாம்பட்டயா? அங்கேர்ந்து வர்ற பொண்ணுங்கதான் மேடம் என் லைன்ல ஸ்டெடியா நிக்குது. மத்ததெல்லாம் வரும், ஒரு மாசத்துல போய்டும். யார் சொன்னது மூடச் சொல்லி?"

"நீங்கதான்."

தாளைச் சுருட்டி என் பக்கம் நகர்த்தினார். பிறகு இன்டர்காமில் யாரையோ கூப்பிட்டு, ஸ்டிச்சிங் லைனில் காலியாக நிற்கும் மெஷின்களை எனக்கு நேரில் காட்டச் சொன்னார். காகிதத்தில் எழுதித் தருகிறேன் என்று மட்டும் கடைசி வரை சொல்லவில்லை. அது அவர் ரத்தத்தில் இல்லை.

ஆனால் அவர் சொன்ன ஒரு வார்த்தை என்னை உறுத்தியது. பேரணாம்பட்டுப் பெண்கள் மட்டும் ஏன் நிற்கிறார்கள்? அதே பயிற்சி, அதே மெஷின், அதே பாடம். மற்ற மையங்களில் சான்றிதழ் வாங்கிய பெண்களில் பலர் ஒரு மாதம்கூடத் தாங்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதைக் கேட்கத்தான் பேரணாம்பட்டுக்குப் போனேன்.

ஷாஹிதா எம்.ஏ. படித்தவர். வாயும் அதற்கேற்ற நீளம். நான் உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"பணியிடத்தில் இல்லைன்னு எழுதிட்டுப் போனாரே அந்த சார், நான் எங்க போனேன்னு கேட்டாரா மேடம்?"

"நான் கேட்கறேன். எங்க போன?"

"பஸ்ல."

நடந்தது இது. அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். வீட்டு வாசலைத் தாண்டாமல் கிடைக்கிற வேலை. அங்கிருந்து பெண்ணைப் பயிற்சி மையத்துக்கு அனுப்புவதே பெரிது. பயிற்சி முடிந்ததும் ஆம்பூர் பஸ்ஸில் ஏற்றுவது அதைவிடப் பெரிது. ஷாஹிதாவின் முதல் பேட்ச் பெண்கள் சான்றிதழோடு வீட்டுக்குப் போய் மறுபடி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாவது பேட்ச்சிலிருந்து இவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களோடு இவரும் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறுவார். லைனில் சூப்பர்வைசரிடம் ஒவ்வொருத்தியாக ஒப்படைப்பார். சாயங்காலம் அதே பஸ்ஸில் கூட்டிவந்து வீட்டு வாசலில் விடுவார். அவர் இல்லாத நேரத்தில் மையத்தில் பழைய மாணவி ஒருத்தி பாடம் நடத்துவாள்.

"சென்டர்ல சும்மா உக்காந்திருந்தா டியூட்டி. பஸ்ல போனா ஆப்சென்ட். நல்ல சட்டம் மேடம்," என்றார் ஷாஹிதா. சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாற்றல் போனால் போகட்டும், ஒழுங்கு நடவடிக்கை என்ற வார்த்தை அப்பாவின் காதுக்குப் போனால் செத்துவிடுவேன் என்றார்.

அன்று அவரோடு ஒரு வீட்டுக்குப் போனேன். அடுத்து வேலைக்குப் போகவேண்டிய பேட்ச்சில் பயிற்சி முடித்துவிட்டுக் காத்திருக்கும் ஆயிஷா என்ற பெண்ணின் வீடு. அவள் தைத்த அப்பரைப் பார்த்திருந்தேன். நான் கற்றுக்கொடுத்தவர்களில்கூட அத்தனை நேராகத் தைத்தவர்கள் அதிகமில்லை. அவள் அம்மா ஜமீலா கை நிற்காமல் பீடி சுற்றிக்கொண்டே என்னிடம் பேசினார்.

"கம்பெனில நல்ல சம்பளம்மா. பஸ் ஊருக்குள்ளயே வருது. அனுப்ப இன்னா கஷ்டம்?" என்றேன்.

"மலைப்பக்கம் வண்டி பஞ்சர் ஆச்சுன்னா யார் மேடம் நிப்பாங்க?"

"டிரைவர் இருப்பாரு."

"அவரு வண்டிய பார்ப்பாரு. என் பொண்ண யார் பார்ப்பாங்க?"

அவர் ஒரு பீடியின் வாயை நகத்தால் மடித்து அழுத்திக்கொண்டே சொன்னார்: "டீச்சர் பஸ்ல வந்தா அனுப்புறேன். வரலன்னா, நீங்க எவ்ளோ பெரிய ஆபீசரா இருந்தாலும் சொல்லிட்டேன், அனுப்ப மாட்டேன்."

ஆயிஷா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது என் பின்னாலேயே தெருமுனை வரை வந்தாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், "டீச்சரை மாத்திடாதீங்க மேடம். மாத்திட்டா நான் பீடிதான்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

திரும்புகிற வழி முழுக்க எனக்கு அந்த வார்த்தைதான் ஓடியது. அரசாங்கம் அவள் மேல் பணம் போட்டிருக்கிறது, மெஷின் போட்டிருக்கிறது, ஷாஹிதா தன் பொறுமையைப் போட்டிருக்கிறார். அத்தனையும் அவள் வீட்டு வாசலுக்கும் கம்பெனி வாசலுக்கும் நடுவில் இருக்கிற ரோட்டில் தொலைந்துபோகும். எங்கள் வரைவில் பாடத்திட்டம் இருந்தது, தேர்வு இருந்தது, சான்றிதழ் இருந்தது. ரோடு இல்லை.

டெல்லிக் கூட்டத்தில் என் முறை வந்தது. தாளை விரித்தேன். புள்ளிவிவரம் பார்க்கும் கல்கத்தாக்காரர் ஒருவர் குழுவில் உண்டு, கெட்டிக்காரர், என்னோடு ஒத்துப்போகாதவர். பஸ் தடத்தை எப்படித் தேவைக் கணக்காக எடுத்துக்கொள்வது என்று உடனே கேட்டார். போர்டு சும்மா தொங்கும், பஸ்ஸைச் சும்மா ஓட்டுவார்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். காலி மெஷின்களை நேரில் பார்த்ததையும் சொன்னேன். ராகவன் சார் தாளைச் சுற்றி நடந்து நான்கு பக்கமும் பார்த்தார். தேவை என்ற இடத்திலிருந்த வட்டத்தின் மேல் கோடு இழுத்தார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடி, சிவப்புக் கோடு ஒன்றின் மேல் பென்சிலை வைத்தார்.

"வி.கோட்டா போற பஸ் பேரணாம்பட்டு வழியாத்தானே போகுது?"

"ஆமா சார்."

"பக்கத்துல இருக்கற பெண்களை விட்டுட்டு மலை தாண்டி ஏன் போகுது?"

நல்ல மேலதிகாரி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். நான் சொல்லத் தயங்கிய இடத்துக்கே என்னைக் கூட்டிவந்து விட்டார். கூட ஆள் இல்லாமல் அந்த ஊரில் பெண்ணை அனுப்பமாட்டார்கள் என்றேன். ஷாஹிதாவைப் பற்றிச் சொன்னேன். பஸ்ஸைப் பற்றி, ஜமீலாவின் பஞ்சர் கேள்வியைப் பற்றி, அந்த மையத்திலிருந்து போனவர்கள் வேலையில் தங்குவதைப் பற்றி.

கல்கத்தாக்காரர் தலையை ஆட்டினார். பஸ்ஸில் கூடப் போவது பயிற்சி ஆகாது, அது குடும்பத்தின் வேலை, அரசாங்கச் சம்பளத்தில் ஒரு பயிற்றுநர் செய்யக்கூடாது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் என் ஆங்கிலம் வேலூர் ஆங்கிலமாகிவிடும், அன்று ஆனது. சான்றிதழ் வாங்கிய பெண் வீட்டில் பீடி சுற்றினால் உங்கள் அட்டவணையில் அவள் பயிற்சி பெற்றவள்தான், கணக்கில் லாபம்தான், அந்த லாபத்தை யார் வீட்டில் போய்க் காட்டுவீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் வாடியதைப் பார்த்துக் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ராகவன் சார் என்னைப் பார்த்தார். "அந்த டீச்சர் எவ்வளவு நாள் கூடப் போவாங்க?"

"நாள் கணக்கு இல்ல சார். வீட்டுல போதும்னு சொல்ற வரைக்கும்."

"யார் சொன்னது?"

"ஷாஹிதா சொன்னாங்க. பேரணாம்பட்டுல, அந்தத் தெருவுல வச்சு."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து எழுதி நான் பார்த்தது அன்றுதான். பயிற்சி முடித்தவர் வேலையில் நிலைபெறும் வரை, அவர் வேலைக்குப் போய்வரும் வழியும் பயிற்றுநரின் பணியிடமே என்று ஒரு வரி. எழுதிவிட்டு அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். பேரணாம்பட்டு, மூடு என்பதிலிருந்து விரிவாக்கு என்பதற்குப் போனது. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆதாரமே இல்லாமல் போனது.

நான் கேட்ட எல்லாம் கிடைத்துவிடவில்லை. கம்பெனியிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் வேண்டும் என்று எழுதிய பக்கம் வெட்டுப்பட்டது. வயது வரம்பை ஏற்றச் சொன்னதும் போயிற்று. அந்த இரண்டுக்கும் கார்த்திகேயன் இப்போது சண்டை போடட்டும். எனக்குக் கிடைத்தது ஒரு வரி. ஒரு தேசியத் திட்டத்தில் ஒரு மண்டல அதிகாரிக்கு அது குறைவில்லை என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அதனால் கார்த்திகேயா, சீல் வைத்த தாளை மடித்து வை. பஸ் எது வரைக்கும் போகிறது என்று பார். பிறகு அது யார் வீட்டு வாசலில் நிற்காமல் போகிறது என்று பார். அந்த வீட்டுக்குள் போய் உட்கார். திட்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உத்தரவு வந்த பிறகு ஆயிஷாவின் பேட்ச் ஆம்பூருக்குப் போகத் தொடங்கியது. ஷாஹிதாவும் தினமும் ஏறினார். நாள் போனது, வாரம் போனது, இவர் இறங்கிய பாடில்லை. எவ்வளவு காலத்துக்கு என்று எனக்கே உள்ளூர உதைப்பு. எழுதிய வரியை நான்தான் காப்பாற்ற வேண்டும். ஒருநாள் காலை ஆபீசில் இருக்கும்போது ஷாஹிதா போன் செய்தார். பஸ் போகிற நேரம்.

"இன்னா ஆச்சு ஷாஹிதா? பஸ்ல இல்லையா நீ?"

"எறக்கி விட்டுட்டாங்க மேடம்."

"யாரு?"

"ஜமீலாம்மா. பொண்ண ஏத்த வந்தாங்க. நான் ஏறி உக்காந்துட்டேன். ஜன்னல் பக்கம் வந்து, 'டீச்சர், நீங்க எறங்குங்க. பொண்ணுங்க தானா போய்ட்டு வருவாங்க'ன்னாங்க. நான் இல்லம்மா, நான் போறேன்னேன். கேக்கல. ஏறி வந்து என் பைய எடுத்துனு எறங்கிட்டாங்க."

"அப்புறம்?"

"பஸ் போய்டுச்சு. எனக்கு இன்னா பண்றதுன்னே தெரியல மேடம். ஸ்டாண்டுலயே நின்னுனு இருந்தேன். அவங்கதான் கைய புடிச்சு சென்டர் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போறாங்க."